துபாயில் இறுக்கிய ஸ்க்ரூ

மகனே, முதலில் சலாம், உனக்கும் மருமகள் ரிஸ்வானாவுக்கும். போனில் பேசி முடித்துவிடக்கூடிய விஷயத்துக்கு வாப்பா ஏன் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்று நீ யோசிப்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் "ஓகே வாப்பா, ஓகே வாப்பா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். தாளில் அந்தத் தொல்லை இல்லை. துபாயில் நம் குசைஸ் பிளாட்டில் உன் உம்மா உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதற்காக இதை ரிஸ்வானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே வாசி. மெதுவாக வாசிப்பதும் நல்லதுதான்.

போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கனடாவில் உனக்கு இன்னும் விடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நின்று கொண்டு, போனை அந்த மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தாய். உன் கல்யாணத்துக்கு என் அரபி முதலாளி, அர்பாப், பரிசாகக் கொடுத்து, கப்பலில் ஏற்றி அனுப்பிய அதே பழைய ஸ்னோமொபைல், பனியில் ஓடும் வண்டி. "கேளுங்க வாப்பா! ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று நீ கத்தினாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. அதைவிடச் சத்தமாக வண்டியின் குரலும் கேட்டது. நான் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன்.

"ஆஃப் பண்ணு."

"என்ன வாப்பா?"

"முதல்ல ஆஃப் பண்ணுடா! எஞ்சின் காயுது."

"இங்க மைனஸ் ட்வென்டி வாப்பா. இதுல எங்க காயப் போவுது? எனக்கு டியூட்டிக்கு டைம் ஆச்சு, அப்புறம் பேசறேன்." வண்டியையும் நிறுத்தினாய், போனையும் நிறுத்தினாய்.

இதில் தப்பு உன்மேல் இல்லை. எக்ஸ்ரே எடுப்பது உன் தொழில், இது என் தொழில். வண்டியைப் பெட்டியில் அடைத்து அனுப்பியதும் நான்தான். ஆகவே நடந்தது என்ன என்பதை நானே சொல்கிறேன். இத்தனை வருடம் துபாயில் பனி வண்டிக்கு வைத்தியம் பார்த்த ஒருவனால் மட்டுமே செய்ய முடிந்த முட்டாள்தனம் அது.

அர்பாபின் தோட்டம் அல் ஐன் ரோட்டில் இருப்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் இரண்டு மூன்று முறை என்னோடு வந்திருக்கிறாய், ஒட்டகத்துக்குப் பயந்து காரைவிட்டு இறங்க மாட்டாய். பழைய கார்களைச் சேர்த்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று ஒரு வருடம் கனடாவிலிருந்து பழைய பனி வண்டிகளை இறக்கினார். கூட வேலை பார்த்த பாகிஸ்தான் பட்டாணி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து "பரஃப் காடி, பரஃப் காடி", பனி வண்டியாம், என்று சிரித்துக்கொண்டே இருந்தான். மற்ற மெக்கானிக்குகள் யாரும் தொடவில்லை. எனக்கு மட்டும் பார்த்தவுடன் பழகிய முகம் போல இருந்தது. நம் ஊர் அதிராம்பட்டினத்தில் மீன்பிடி போட்டுகளுக்குப் பின்னால் மாட்டுகிற எஞ்சினும் இந்த எஞ்சினும் ஒரே ஜாதி. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவது, கோபம் வந்தால் ஸ்பார்க் ப்ளக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது, எல்லாம் அப்படியே. அன்றைக்கு நான் கை தூக்கினேன், அதோடு அந்த வண்டிகள் என் தலையில் விழுந்தன.

பனியில் ஓடப் பிறந்த வண்டியை மணலில் உயிரோடு வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. பனியில் தூசி கிடையாது என்பதால் அதைச் செய்தவர்கள் காற்றுக்கு பில்டரே வைக்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே மணலை உறிஞ்சி ஒரு வண்டியின் பிஸ்டன் தேய்ந்துபோனது. பிறகு நான் ஸ்பாஞ்சை வெட்டி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து, எல்லா வண்டிக்கும் மூக்குத் துணி கட்டினேன். வெயிலில் பெல்ட் வெடிக்கும், பெட்ரோல் குழாய் அப்பளமாக நொறுங்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துப்போகும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பேன். ஜனவரி மாதக் காலைகளில் அர்பாப் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "யல்லா பாய், ஸ்டார்ட் கரோ!" என்பார். அடியில் சின்னச் சக்கரங்கள் வைத்த பழைய மாடல் என்பதால் மஞ்சள் வண்டி மணலிலும் கொஞ்ச தூரம் போகும். எல்லோரும் படம் எடுப்பார்கள், கஹ்வா குடிப்பார்கள், போய்விடுவார்கள். நான் மறுபடியும் மணலைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது ஸ்க்ரூவுக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் ஒரு அளவில் கலந்து போக வேண்டும். சூட்டில் காற்று இளகிக் கிடக்கும், அதற்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். குளிரில் காற்று கெட்டியாக இருக்கும், அதே ஒரு மூச்சுக்கு அதிகக் காற்று உள்ளே போகும். அப்போது பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். கார்புரேட்டரின் பக்கவாட்டில் அதற்கென்று ஸ்க்ரூ இருக்கிறது, திறந்தால் கூடும், மூடினால் குறையும். துபாய்க்குத் தகுந்தபடி நான் அதை மூடி வைத்திருந்தேன். வண்டியைப் பெட்டியில் அடைக்கிற அன்று, பனி நாட்டில் தூசி இல்லையே என்று ரொம்ப புத்திசாலித்தனமாக அந்த ஸ்பாஞ்சைக் கழற்றினேன். அதனால் இன்னும் அதிகக் காற்று போகும். ஆனால் ஸ்க்ரூவைத் திறக்க மறந்துவிட்டேன். குளிர்க் காற்று ஒரு பக்கம், பில்டர் இல்லாத காற்று இன்னொரு பக்கம், பெட்ரோல் மட்டும் பாலைவனக் கணக்கில். போதாததற்கு ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அப்போது எஞ்சின் கணீரென்று, கேட்கவே அழகாகப் பாடும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காது. தெரியாதவன் 'ஆஹா, என்ன வேகம்' என்பான். சுற்றி மைனஸ் இருபது இருக்கும், உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். நீ அன்றைக்கே அதை உன் வீட்டுக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் ஏரிமேல் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் நடு ஏரியில் நின்றிருக்கும்.

இதையெல்லாம் உனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பலாம் என்று போனை எடுத்தபோதுதான் உன் உம்மா வேறொன்றைச் சொன்னாள். அதற்கு முந்தைய வாரம் ரிஸ்வானா தனியாக அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஊர்க் கதை, மீன் விலை என்று ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறாள்: "மாமி, நான் ஊருக்கு வந்துடவா?" எதற்கு என்று உம்மா கேட்டதற்கு, "சும்மாதான் மாமி. அவங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னாளாம். உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் சமாதானம் செய்யலாம். குறையே சொல்லாமல் கிளம்புகிறவளை எதைச் சொல்லி நிறுத்துவது?

உன்னிடம் சாடையாகக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு மாசத்துல செட் ஆயிடுவா வாப்பா, எல்லாரும் இப்படித்தான்" என்றாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அவள் எல்லோரையும் போல இல்லை. நீ துபாயில் வளர்ந்த பிள்ளை, லீவுக்கு ஊருக்குப் போய் மீனும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு வந்தவன், நம் ஊர் வழக்கத்தின் எடை உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் பக்கத்தில் பெண் தாய் வீட்டைவிட்டுப் போவதில்லை. வீட்டையே பெண்ணுக்குத்தான் எழுதிவைக்கிறார்கள். நிக்காஹ் முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாப்பிள்ளைதான். ரிஸ்வானாவின் உம்மா பிறந்த வீட்டிலேயே பிள்ளை பெற்றவள். அவளுடைய உம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டு வாசலைத் தாண்டி, பெட்டியோடு, இன்னொருவர் வீட்டில் வாழப் போன முதல் பெண் உன் மனைவி. போன இடமோ கதவைத் திறந்தால் ஆள் நடமாட்டமே இல்லாத பனி. "உம்மாவும்தானே துபாய்க்கு வந்தாங்க" என்று நீ கேட்பாய். அதையே நானும் உளறினேன். அதற்கு உன் உம்மா, "எனக்குக் குசைஸ்ல கதவத் தட்டுனா நாலு வீட்டுல நம்ம ஊரு ஆளு. அரிசிகூட நம்ம ஊரு கடைதான். அந்தப் புள்ளைக்கு அங்க யாரு இருக்கா? என்ன பேசுறிய நீங்க?" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேள். நான் போயிருக்கிறேன். கல்யாணமான புதிதில் உன் உம்மா வீட்டு மாடி அறையில் என்னைக் குடிவைத்தார்கள். காலையில் இடியாப்பம், மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் எண்ணெயில் பொரித்த வாடா. குறை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரை நானே மொண்டு குடிக்க விடமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேலை சொல்லக் கூடாது, அது மரியாதைக் குறைவு. ஜவுளிக்கடை வாசலில் நிறுத்திய பொம்மை மாதிரி நாள் முழுக்க வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன். போட்டு எஞ்சினில் கை வைத்துப் பழகிய எனக்கு விரல் நுனியெல்லாம் தினவெடுக்கும். எப்போதடா விசா வரும், ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். நல்லபடி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தான். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் மாமி, அதாவது உன் உம்மாவின் உம்மா, அடுக்களை ஜன்னலிலிருந்து அலறினார்: "மாப்புள, வேணாம்! கையெல்லாம் அழுக்காவும்! ஊரு என்ன சொல்லும்?" மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் சரி செய்து, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபோது அசர் தொழுகை நேரமே தாண்டிவிட்டது. மறுநாள் காலை அதே ஜன்னலிலிருந்து அதே குரல், கொஞ்சம் தயங்கித் தயங்கி, "மாப்புள, அந்த மோட்டாரப் போட்டு விடுறியளா?" என்றது. கல்யாணத்துக்கு வந்த அத்தனை வாழ்த்தையும்விட அந்த ஒரு வேலை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றுதான் அது என் வீடானது.

நீ ரிஸ்வானாவை அந்த மாடி அறையில் வைத்திருக்கிறாய், மகனே. கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். "வெளிய போவாத, வழுக்கும்." "ஹீட்டரத் தொடாத, நான் பாத்துக்கறேன்." "கடைக்கு நான் போறேன், உனக்கு அவங்க பேசுறது புரியாது." நாங்கள் வீடியோவில் பார்க்கும்போதே இவை எல்லாம் காதில் விழுகின்றன. அவள் சோபாவில், கம்பளிக்குள், வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாள்.

நீ போனை வைத்த மறுநாள், நீ டியூட்டியில் இருந்தபோது, அவள் என்னைக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னை அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ விபரீதம் என்று பதறிப்போனேன்.

"மாமா, அந்த வண்டி காயுதுன்னு சொன்னிங்களே. எத வச்சுச் சொன்னிங்க?"

"சத்தத்த வச்சும்மா."

"ப்ளக்கப் பாத்தாலும் தெரியும்தானே? எங்க வாப்பா ஸ்கூட்டர்ல பாப்பாங்க."

அவள் ஏற்கனவே கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நின்றிருந்தாள் மகனே. ஸ்பேனரும் கையில் இருந்தது. ப்ளக்கைக் கழற்றி கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். நுனி உப்பு மாதிரி வெளுத்திருந்தது. நல்லபடி ஓடுகிற எஞ்சினில் அது குசைஸ் கடைக் கரக் சாயா நிறத்தில், இளம் பழுப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். எந்த ஸ்க்ரூ என்று கேட்டாள். கார்புரேட்டரில் இரண்டு இருக்கும், முதலில் தப்பானதைக் காட்டினாள், பிறகு சரியானதைக் காட்டினாள். கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம் என்றேன். "ரொம்பத் தொறந்துட்டா கெட்டுடாதா மாமா?" என்றாள். "அதிகமாக் கொடுத்தாப் புகையும், ப்ளக் கறுக்கும், தொடச்சிக்கலாம். குறைச்சலாக் கொடுத்தாத்தான் பிஸ்டன் போவும், அதுக்கு வைத்தியம் இல்ல" என்றேன். கயிற்றை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள், சறுக்கி உட்கார்ந்தாள். நான் போதும் என்றேன், அவள் கேட்கவில்லை. கடைசியில் கொட்டகை முழுக்க நீலப் புகையைக் கிளப்பிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. அந்தக் கணீர் போய், தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி, பழைய நல்ல சத்தம் வந்தது. புகைக்குள் இருமிக்கொண்டே அவள் சிரித்தாள். உன் உம்மா ஓடி வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அந்தச் சிரிப்பை அவளும் ரொம்ப நாளாகக் கேட்கவில்லையாம்.

பிறகு ரிஸ்வானா குரலைத் தாழ்த்தி, "அவங்ககிட்ட சொல்லாதிங்க மாமா. ஏன் வெளிய போனேன்னு கேப்பாங்க" என்றாள். நான் சொல்லத்தான் போகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். "சரி, நீங்களே சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஊருக்கு டிக்கெட் போடவா என்றும் கேட்டேன். மாமனார் கேட்கிற கேள்வி இல்லைதான், ஆனாலும் கேட்டேன். "ப்ளக் சாயா கலருக்கு வரட்டும் மாமா, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

உம்மாவிடம் நான் உடனே என் தத்துவத்தை எடுத்துவிட்டேன். சூட்டில் வைத்த அளவு குளிருக்கு ஆகாது, காற்று மாறினால் கொடுப்பதையும் மாற்ற வேண்டும், மனுஷனும் அப்படித்தான் என்று ஒரு பாட்டம் பேசினேன். உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவ என்ன கார்புரேட்டரா? நீங்க திருவி விடுறதுக்கு? அவளே ஸ்பேனர எடுத்துட்டா, அவன கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க, போதும்" என்றாள். ஆகவே தத்துவத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, உம்மா சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். ஒதுங்கி நில்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கொட்டகையில் நின்றபடி ஓடினால் ப்ளக்கின் உண்மையான நிறம் தெரியாது. பாரத்தோடு, முழு வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே சட்டென்று நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு ஏரிதான் இடம். ஏரி நன்றாக உறைந்திருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். கிளப்புவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் தூக்கி ரப்பர் பட்டையைத் தரையிலிருந்து விடுவியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிப்போயிருக்கும். கயிற்றை முதலில் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வேகமாக இழுக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மாற்று பெல்ட்டும் இரண்டு ப்ளக்கும் வைத்து அனுப்பியிருக்கிறேன், எடுத்து உள்ளே வைக்காதே, அங்கேயே இருக்கட்டும். நடந்து திரும்ப முடியாத தூரத்துக்குப் போகாதீர்கள். அவள் ஓட்டட்டும். நீ பின்னால் உட்கார். 'பாத்து, பாத்து' என்று காதில் கத்தாதே. எஞ்சின் சத்தத்தில் எப்படியும் கேட்காது.

நிறம் வராவிட்டால் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திறந்து மறுநாளும் போங்கள். அவசரமில்லை. எல்லாம் செய்த பிறகும் அவள் ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால், முகம் கோணாமல் அனுப்பிவை. இந்த மாதத்தோடு என் விசா முடிகிறது, நானும் உம்மாவும் ஊரில்தான் இருப்போம், அவள் வீட்டில் அவள் அறை அப்படியே இருக்கிறது. அவளை அனுப்பிவிட்டு அங்கே தனியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டு. மாப்பிள்ளை போவதுதான் நம் வழக்கம், அதில் ஒரு கேவலமும் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஏரிக்குப் போங்கள். ப்ளக்கைக் கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. உன் உம்மா நிறத்தைப் பார்த்துச் சொல்வாள், இத்தனை வருடத்தில் அவளுக்கும் அது பழகிவிட்டது. நான் அதைப் பிடித்திருப்பது யாருடைய கை என்று பார்ப்பேன். அது கிரீஸ் படிந்த, மருதாணி போட்ட கையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் வாப்பா